62-ஆவது கிலோமீட்டரில் உடைந்த கம்பி

காலை 5:20-க்குக் கிளம்பினேன். நாலு நாள் சைக்கிள் பயணத்தில் இது இரண்டாம் நாள். அன்றைக்குப் போக வேண்டிய தூரம் 118 கிலோமீட்டர், முக்கால்வாசி வயல்களுக்கு நடுவே போகும் ஒற்றைச் சாலை. வழியில் பின்சக்கரத்தில் ஒரு ஸ்போக்ஸ் கம்பி உடைந்தது. அதைச் சாலையோரத்திலேயே சரிசெய்து, மிச்சம் 56 கிலோமீட்டரையும் ஓட்டி முடித்தேன். சுமை கட்டிக்கொண்டு தூரம் ஓட்டுகிறவர்களுக்கு இது என்றைக்காவது ஒருநாள் வரும் என்பதால் செய்ததை எல்லாம் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. இரும்புச் சட்டம், 37-622 அளவு டயர், 36 கம்பிச் சக்கரங்கள், ரிம்மைப் பிடிக்கும் பிரேக். பின் கேரியரில் இரண்டு பைகள், ஹேண்டில்பாரில் ஒரு சின்னப் பை, எல்லாம் சேர்த்து 14 கிலோ. நான் 68 கிலோ, வண்டி 15. ஆக 97 கிலோ உருள்கிறது. இதில் சுமார் 60 சதவீதம் பின்சக்கரத்தின் தலையில். அதனால் காற்றைப் பின்னால் 60 பிஎஸ்ஐ, முன்னால் 42 என்று பிரித்து அடிக்கிறேன். ஆள் ஏறி உட்கார்ந்ததும் டயர் தன் உயரத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் அமுங்க வேண்டும் என்பது சைக்கிள் நுட்பங்களைப் பற்றி எழுதிய ஃபிராங்க் பெர்ட்டோ அளந்து சொன்ன கணக்கு. கல்லுப் போல அடித்தால்தான் வேகம் என்று நானும் பல வருஷம் நம்பியிருந்தேன். வயல் சாலையின் ஒட்டுப் போட்ட தாரில் அந்த நம்பிக்கை மணிக்கட்டு வலியாகத்தான் வந்து சேரும்.

விடிவதற்கு முந்தைய அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகவே நான் இந்த மாதிரிச் சாலைகளைத் தேடிப் போகிறேன். காற்று அசையாது. தண்ணீர் பாய்ந்த வயலைக் கடக்கும்போது முழங்காலுக்குக் கீழே குளிர்ச்சி தட்டும். உழுது போட்ட காய்ந்த நிலம் வந்ததும் அது விலகிவிடும். விளக்கு வெளிச்சத்துக்கு வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் எந்த வயலில் தண்ணீர் நிற்கிறது என்று காலே சொல்லிவிடும். பெடலை மிதிக்கும் சத்தமும் செயின் ஓடும் சத்தமும் தவிர வேறு ஒன்றும் இல்லாததால், வண்டியின் உடம்பில் புதிதாக ஏதாவது ஓசை வந்தால் அந்த நேரத்தில்தான் காதில் விழும். அன்றைக்கு விழுந்தது. பின்னாலிருந்து 'டிங்' என்று ரொம்ப மெல்லிசாக, மேடு ஏறும்போது மட்டும். பையின் கொக்கி கேரியரில் தட்டுகிறது என்று நினைத்து, இறங்கிப் பார்க்காமல் போய்விட்டேன். உடையப் போகும் கம்பி அதற்கு முன்பே குரல் கொடுத்ததோ என்று இப்போது தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இனி அந்தச் சத்தம் கேட்டால் இறங்கிவிடுவேன்.

31-ஆவது கிலோமீட்டரில் பஞ்சர். இரண்டு கிலோமீட்டர் மிச்சமாகும் என்று ஒரு வரப்போரத் தடத்தில் இறங்கினேன். தடத்தின் நடுவில் தரையோடு படர்ந்து மஞ்சள் பூப் பூத்திருந்ததை நின்று பார்த்திருக்க வேண்டும். நெருஞ்சி. அதன் காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும்படி அமைந்தது. காலுக்குச் செய்வதைத்தான் டயருக்கும் செய்யும். பஞ்சர் ஒட்டுவது எல்லாருக்கும் தெரிந்த வேலை, அதை முழுக்க எழுதப் போவதில்லை. மூன்று விஷயம் மட்டும். டயரை மாட்டும்போது அதன் பக்கவாட்டில் உள்ள பெயரெழுத்து எப்போதும் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுகிறேன். டியூபில் ஓட்டை கிடைத்ததும், வால்வில் இருந்து எத்தனை விரற்கடை என்று அளந்து டயரில் அதே இடத்தில் தேடினால் முள் அங்கேயே இருக்கும். நெருஞ்சி ஒன்றாக வராது என்பதால் டயரின் உள்பக்கம் முழுவதையும் ஒரு பஞ்சுத் துண்டால் சுற்றித் துடைப்பேன். விரலுக்குத் தட்டுப்படாத முள்நுனியில் பஞ்சு இழை மாட்டிக்கொள்ளும். அன்றைக்கு இன்னும் இரண்டு முள் அப்படித்தான் கிடைத்தன. மூன்றாவது, சொல்யூஷன் தடவியதும் பேட்சை ஒட்டக் கூடாது. பளபளப்பு போய் மங்கி, விரலால் தொட்டால் ஈரம் ஒட்டாத நிலைக்கு வர ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷத்தைக் கொடுக்காததால்தான் பெரும்பாலான ஒட்டு அடுத்த நாள் கழன்று வருகிறது.

தடத்தில் இருந்து திரும்பச் சாலைக்கு வந்தால் வேறு தொல்லை. டிராக்டர் சக்கரம் வயலில் இருந்து இழுத்து வந்த களிமண் தாரின் மேல் கட்டி கட்டியாகக் கிடந்தது. காய்ந்த கட்டி பிரச்சினையில்லை. பனி இறங்கிய களிமண் சோப்பு மாதிரி. அதன் மேல் பிரேக் பிடிக்கவோ திருப்பவோ கூடாது, நேராக விட்டுவிட வேண்டும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மண் அடைத்துச் சக்கரம் இறுகத் தொடங்கியதும் இறங்கி ஒரு குச்சியால் குத்தி எடுத்தேன். அறுவடை நடக்கும் இடத்தில் இதே எச்சரிக்கை சிந்திய தானியத்துக்கும் பொருந்தும். தார் மேல் பரவிய மணிகள் பால்ரஸ் மாதிரி உருளும். வைக்கோல் கிடந்தால் விலகிப் போவதே நல்லது, பின் கியரின் சின்னச் சக்கரங்களில் ஒரு தாள் சுற்றினால்கூடச் செயின் குதிக்க ஆரம்பிக்கும்.

காலை 9:50. 62-ஆவது கிலோமீட்டர். மதகு ஒன்றைக் கடக்க ஒரு சின்ன ஏற்றம். சீட்டில் இருந்து எழுந்து மிதித்தேன். 'டங்' என்று தெளிவாக ஒரு சத்தம், கூடவே பின் பிரேக் கட்டையில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு உரசல். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் கம்பி போய்விட்டது என்று அர்த்தம், இறங்கிப் பார்க்கும் முன்பே சொல்லிவிடலாம்.

பைகளைக் கழற்றி, வண்டியை மதகுக் கட்டையோரம் தலைகீழாக நிறுத்தினேன். கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அசைத்தபோது ஒன்று கையோடு வந்தது. உடைந்த இடம், ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடு உருளையில், கம்பி வளைந்து நுழையும் முழங்கை. அதுவும் கேசட், அதாவது பின் பற்சக்கரங்களின் அடுக்கு, இருக்கும் வலப்பக்கம். இதைவிட மோசமான இடம் கிடையாது. இடப்பக்கமாக இருந்தால் புதுக் கம்பியை நேராகச் செருகிவிடலாம். வலப்பக்கத்தில் கேசட் மறைத்துக்கொண்டிருக்கும், அதைக் கழற்றத் தனிச் சாவியும் செயின் கட்டிய பிடியும் வேண்டும். இரண்டும் கனம், நான் எடுத்து வருவதில்லை.

வேலையைத் தொடங்கும் முன் அந்த உடைந்த முனையைச் சற்று நேரம் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். குறுக்குவெட்டு இரண்டு மில்லிமீட்டர்தான், அதற்குள் இரண்டு நிறம். ஓரத்தில் இருந்து பாதிக்கு மேல் பிறைபோல வழவழப்பாக, மங்கிப் போயிருந்தது. மிச்சப் பகுதி மட்டும் சொரசொரப்பாகப் பளிச்சென்று இருந்தது. பளிச்சென்ற பகுதி அன்று காலை மதகு ஏற்றத்தில் உடைந்தது. மங்கிய பகுதி அதற்கு முன்பே, எத்தனையோ நாளாக, மயிரிழை மயிரிழையாக விரிசல் ஓடிய இடம். என் எடையும் பையின் எடையும் அந்த ஏற்றமும் சேர்ந்து அதை உடைத்துவிடவில்லை. கடைசிக் கால்வாசியை மட்டும்தான் முடித்து வைத்தன.

இது ஏன் நடக்கிறது என்பதைச் சொல்லாமல் மேலே போக மனசில்லை. சைக்கிள் சக்கரத்தில் எல்லாக் கம்பியும் எப்போதும் இழுபட்டே இருக்கின்றன. சுமை ஏறும்போது தரையைத் தொடும் இடத்துக்கு நேர்மேலே உள்ள சில கம்பிகள் தங்கள் இழுவிசையில் கொஞ்சத்தை இழக்கும். சக்கரம் சுற்றி அவை மேலே போனதும் திரும்ப இறுகும். மேலே உள்ள கம்பிகளில் வண்டி தொங்குகிறது என்று பலர் நினைப்பதுண்டு. அளந்து பார்த்தால் மேலே மாற்றம் மிகக் குறைவு, மாறுவது கீழே. ஜோப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் இதைக் கணக்கோடு விளக்கியிருக்கிறார். ஆக ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து ஒருமுறை இறுகுகிறது. என் டயரின் சுற்றளவு 2.18 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 459 சுற்று. இந்தச் சக்கரம் அதுவரை ஓடியது 6,000 கிலோமீட்டர். 27 லட்சம் தடவைக்கு மேல் அந்த முழங்கை நெளிந்து நிமிர்ந்திருக்கிறது.

நன்றாக இறுக்கிய கம்பி இதைத் தாங்கும், ஏனென்றால் தளர்ந்தாலும் அதில் இழுவிசை மிச்சமிருக்கும், முழங்கை ஹப்பின் துளையோடு அசையாமல் ஒட்டியிருக்கும். இறுக்கம் போதாத சக்கரத்தில் முழங்கை துளைக்குள் ஆடும். அந்த ஆட்டம்தான் விரிசலைத் தொடங்கி வைக்கிறது. சுமை அதிகமானால் கம்பி உடையும் என்று பொதுவாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் சுமையைவிடத் தளர்ச்சிதான் கம்பியைத் தின்கிறது. இந்தச் சக்கரம் வண்டி வாங்கியபோதே கூட வந்தது, இயந்திரம் கோத்தது. வாங்கிய அன்றே இறுக்கத்தைப் பார்த்திருந்தால் இந்த மதகில் நின்றிருக்க மாட்டேன். இந்தச் சக்கரத்தில் போன இரண்டாவது கம்பி இது. முதல் கம்பி போனபோது அதை மாற்றிவிட்டு, மற்ற 35-ஐயும் தொட்டுப் பார்க்காமல் விட்டேன்.

சரி, செய்தது இதுதான்.

சட்டத்தின் பின்தண்டில் டேப் சுற்றி மூன்று உதிரிக் கம்பிகள் எப்போதும் கட்டி வைத்திருக்கிறேன். அதில் ஒன்று, வீட்டிலேயே தயார்செய்த கொக்கிக் கம்பி. வலப்பக்கக் கம்பியைவிடச் சில மில்லிமீட்டர் நீளமான ஒன்றை எடுத்து, தலையை வெட்டிவிட்டு, நுனியை இடுக்கியால் இசட் எழுத்துப் போல இரண்டு முறை மடக்கியது. இதன் நுனியை ஹப்பின் துளையில் செருகித் திருப்பினால் மாட்டிக்கொள்ளும், கேசட்டைக் கழற்ற வேண்டியதே இல்லை. இழுக்கும்போது மடிப்பு துளையின் விளிம்பைக் கவ்வும். நிரந்தரத் தீர்வு இல்லை, ஆனால் நூறு இருநூறு கிலோமீட்டருக்குத் தாங்கும். இதே வேலைக்கு வலுவான இழைக்கயிற்றால் செய்த அவசரக் கம்பியும் விற்கிறார்கள். அதுவும் நல்லது, மடித்து வைக்கலாம்.

முதலில் உடைந்த கம்பியின் மிச்சத்தை நிப்பிளில் இருந்து, அதாவது கம்பியின் நுனியை ரிம்மோடு பிடித்து வைக்கும் சின்ன மரையில் இருந்து, கழற்ற வேண்டும். இங்கே ஒரு சின்னக் கவனம். இரட்டைச் சுவர் ரிம்மில், கம்பி இல்லாத நிப்பிள் உள்ளே விழுந்துவிட்டால் டயர், டியூப், ரிம் நாடா எல்லாவற்றையும் கழற்றித்தான் எடுக்க முடியும். அந்தத் துளை சக்கரத்தின் உச்சியில் வரும்படி திருப்பி வைத்துக்கொண்டால் நிப்பிள் தன் தலையால் தொங்கிக்கொண்டு நிற்கும், உள்ளே விழ வழியில்லை. அப்படி வைத்து, ஒரு கையால் நிப்பிளைப் பிடித்து, மறு கையால் கம்பியைத் திருகி எடுத்தேன்.

கொக்கிக் கம்பியை ஹப்பின் உள்பக்கத்தில் இருந்து துளையில் நுழைத்தேன். முதல் முறை நுழையவில்லை. வீட்டில் மடக்கியபோது வளைவு கொஞ்சம் அகலமாகிவிட்டிருக்கிறது, ஒரு மில்லிமீட்டர் போதும் தடுக்க. என்னிடம் இருந்த பல்திறன் கருவியில் இடுக்கி கிடையாது. கல்லில் வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்த பெரியவர் மண்வெட்டியோடு வந்தார்.

"என்ன தம்பி, கம்பி போச்சா?"

"ஆமாங்க ஐயா. இதைக் கொஞ்சம் நெருக்கி மடக்கணும், இடுக்கி இல்லை."

ஒன்றும் சொல்லாமல் மோட்டார் கொட்டகைக்குப் போய்க் கட்டிங் பிளேயர் கொண்டுவந்து கொடுத்தார். மடக்கியது இரண்டு நிமிஷ வேலை. அவர் குந்தி உட்கார்ந்து சக்கரம் ஆடாமல் பிடித்துக்கொண்டார். "அந்தக் காலத்துல நானும் இதை எல்லாம் வாய்க்கா ஓரத்துலதான் செஞ்சேன்" என்றார். பிறகு கம்பியை எந்தக் கம்பிக்கு மேலே, எதற்குக் கீழே விட வேண்டும் என்று நான் யோசிப்பதற்குள், "இந்தாண்ட ரெண்டாவது கம்பியப் பாரு, அதே மாதிரி விடு" என்று அவரே காட்டினார். அது சரியான வழிதான். ஒரே பக்கத்தில், ஹப்பில் ஒன்று விட்டு அடுத்த துளையில் உள்ள கம்பி எப்படிப் போகிறதோ அப்படியே இதுவும் போக வேண்டும். கம்பியைக் கொஞ்சம் வில்லாக வளைத்து நுழைத்து, நிப்பிளில் ஏற்றிவிட்டேன்.

கம்பிகளை ஒன்றுக்கொன்று குறுக்காக, ஹப்பைத் தொட்டுச் செல்லும் கோணத்தில் கோக்கும் இந்த முறைக்கு ஜேம்ஸ் ஸ்டார்லி என்ற ஆங்கிலேயக் கண்டுபிடிப்பாளர் 1874-இல் காப்புரிமை வாங்கினார். மிதிக்கும் முறுக்குவிசையை ஹப்பில் இருந்து ரிம்முக்குக் கொண்டுபோக அந்தக் கோணம்தான் உதவுகிறது. 150 வருஷம் ஆகியும் பெரிதாக மாறாத ஒன்றை வாய்க்கால் ஓரத்தில் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் பெண்டு எடுப்பது. வலப்பக்கக் கம்பி போனதால் அந்த இடத்தில் ரிம்மை இடப்பக்கக் கம்பிகள் தங்கள் பக்கம் இழுத்திருக்கும். கொக்கிக் கம்பியை இறுக்க இறுக்க அது நடுவுக்கு வரும். நிப்பிளை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் குழப்பம் எல்லாருக்கும் வரும். டயர் பக்கத்தில் இருந்து நிப்பிளின் தலையைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டால் கடிகாரச் சுற்று இறுக்கும், எதிர்ச்சுற்று தளர்த்தும். ஸ்க்ரூ மாதிரியேதான். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் போகக் கூடாது. பிரேக் கட்டைதான் அளவுகோல். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம் கட்டையை உரசும் இடத்தைப் பார்த்து, அங்கே மட்டும் கை வைப்பது. கொக்கிக் கம்பியை முழு இறுக்கத்துக்குக் கொண்டுபோக எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதனால் அதன் இரு பக்கமும் உள்ள இடப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்றுத் தளர்த்தினேன், வலப்பக்கத்தில் அதன் அண்டைக் கம்பிகள் இரண்டையும் கால் சுற்று இறுக்கினேன். ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் மிச்சமிருந்தது. சாலையில் அதற்கு மேல் கேட்பது பேராசை. பின் பிரேக்கின் ஒயரைக் கொஞ்சம் தளர்த்தி, கட்டைகளுக்கு இடம் விட்டேன்.

பெரியவர் பிளேயரை வாங்கிக்கொண்டு, "மொதல்ல பத்து நிமிசம் ஓட்டிட்டு நின்னு பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். மொத்தம் ஒரு மணி பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

அவர் சொன்னபடியே 67-ஆவது கிலோமீட்டரில் நிறுத்தினேன். கொக்கியின் மடிப்பு இழுவையில் கொஞ்சம் நிமிர்ந்து, கம்பி தொளதொளவென்றிருந்தது. ஒரு முழுச் சுற்று இறுக்கினேன். 80-இல் திரும்பப் பார்த்தபோது அரைச் சுற்று. அதன்பின் அது அசையவில்லை. அப்படி நின்று பார்க்காமல் ஓட்டியிருந்தால் பக்கத்துக் கம்பியும் போயிருக்கும்.

வெயிலுக்காக 67-இலேயே ஒரு புளியமரத்தடியில் இரண்டரை மணி வரை படுத்துவிட்டேன். கிளம்பியதும் எதிர்காற்று. வயல்வெளியில் காற்று ஒரு நேர அட்டவணை வைத்திருக்கிறது. காலையில் தரை குளிர்ந்து கிடக்கும்போது அசைவில்லை. வெயில் ஏறித் தரை சூடாகி, மேலே ஓடும் காற்றோடு கலக்க ஆரம்பித்ததும் நண்பகலுக்கு மேல் வலுக்கும். மாலையில் திரும்ப அடங்கும். ஆகவே தூரத்தில் பெரும்பகுதியைக் காலையில் முடிப்பதே புத்திசாலித்தனம், அன்றைக்குக் கம்பி அதற்கு இடம் கொடுக்கவில்லை. 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டும்போது எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், உடம்பில் மோதுவது 30 கிலோமீட்டர் வேகக் காற்று. தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது இரண்டு மடங்காக இருக்காது, நான்கு மடங்கு. இதற்கு எதிராகப் பலத்தைக் காட்டினால் முழங்கால்தான் போகும். கியரை இறக்கி, நிமிஷத்துக்கு 80 சுற்று குறையாமல் மிதித்து, வேகமானியைப் பார்க்காமல் இருப்பதே வழி.

அன்று நன்றாகப் புரிந்துகொண்டது பயிரின் உயரம். ஆள் உயர மக்காச்சோளம் காற்று வரும் பக்கத்தில் இருந்தால், சாலையில் அதன் நிழல் விழும் அகலத்துக்குக் காற்று செத்துக் கிடக்கும். அந்த ஓரமாகவே ஒட்டி ஓட்டினேன், வேகம் 12-இல் இருந்து 17-க்கு ஏறியது. வயல் முடிந்து தாள் மட்டும் நிற்கும் அறுத்த நிலம் வந்ததும் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளும். சுமை கட்டிய வண்டி அந்த இடத்தில் ஒரு முழம் நகர்ந்துவிடும், பின்னால் வண்டி வருகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

91-இல் ஒரு வயலில் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள், காற்று சாலையைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தது. கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு வேகமாகக் கடந்துவிடலாம் என்று தோன்றும். அதைச் செய்யக் கூடாது. மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு அந்தப் புகைக்குள் போனால் நின்றுகொண்டிருப்பவரைவிடப் பல மடங்கு உள்ளே இழுப்போம். காற்று வரும் பக்கமாகத் தள்ளி நின்றேன், இருபது நிமிஷத்தில் அந்த வரிசை முடிந்தது. தண்ணீர்ப் பாட்டிலின் வாயையும் பையில் மூடி வைத்துவிட்டேன்.

நாய் விஷயத்தில் அன்று ஒரே ஒரு முறை. தோட்டத்து நாய்கள் ஓடும் சக்கரத்தைத் துரத்தும், நிற்கிற மனிதனிடம் அவ்வளவு ஆர்வம் காட்டாது. இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தேன். அதன் எல்லை முடிந்ததும் அதுவே திரும்பிவிட்டது.

1884-இல் தாமஸ் ஸ்டீவன்ஸ் பெரிய முன்சக்கர சைக்கிளில் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி, 1886 கடைசியில் யோகோஹாமாவில் உலகப் பயணத்தை முடித்தார். அவர் எடுத்துப் போனது மாற்றுச் சட்டை, காலுறை, கூடாரமாகவும் படுக்கையாகவும் பயன்பட்ட ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. கடைசி 20 கிலோமீட்டரில் என் பைகளில் தொடாமலே கிடக்கும் சாமான்களை மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு வந்தேன். இரண்டாவது ஜோடிச் செருப்பு, கனமான ஒரு பூட்டு, ஒரு லிட்டர் அதிகத் தண்ணீர். மூன்று கிலோ குறைக்கலாம். அந்த மூன்று கிலோவில் கால் பங்குக்குக்கூட வராத சின்ன இடுக்கி இனிக் கட்டாயம் இருக்கும்.

மாலை 6:40-க்குப் போய்ச் சேர்ந்தேன். காற்று அடங்கி, வாய்க்கால் பக்கம் காலையில் இருந்த அதே குளிர்ச்சி திரும்பியிருந்தது.

இரவு சாப்பிட்டதும் வண்டியைத் தலைகீழாக வைத்து, 36 கம்பியையும் விரல் நகத்தால் மீட்டிப் பார்த்தேன். கருவி இல்லாமல் இறுக்கம் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுரத்தில் ஒலிக்க வேண்டும். வலப்பக்கம் உச்சத்தில், இடப்பக்கம் அதைவிடத் தாழ்வாக. கேசட்டுக்கு இடம் விடுவதற்காக வலப்பக்கக் கம்பிகள் செங்குத்தாக நிற்பதால் அவற்றுக்கு இழுவிசை கூடுதல், இடப்பக்கத்துக்குப் பாதியைவிடக் கொஞ்சம் மேல். இடப்பக்கத்தில் ஐந்து கம்பி சுரமே இல்லாமல் 'தப்' என்றன. அவை சாலையில் ஒவ்வொரு சுற்றுக்கும் முழுக்கத் தளர்ந்துவிடுகின்றன என்று அர்த்தம், அப்படித் தளர்ந்த கம்பியின் நிப்பிள் தானாகவே திருகிக் கழன்றுகொண்டு போகும். ஐந்தையும் பக்கத்துக் கம்பியின் சுரம் வரும்வரை கால் கால் சுற்றாக ஏற்றினேன். பிறகு பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து உள்ளங்கையால் பலமாக அமுக்கினேன், சில இடத்தில் 'கிர்ர்' என்று முறுக்கு அவிழும் சத்தம் வந்தது. மறுபடி பெண்டு பார்த்தால் அரை மில்லிமீட்டர்தான் ஆட்டம்.

மீதி இரண்டு நாளும் 190 கிலோமீட்டர் அதே கொக்கிக் கம்பியோடு ஓட்டினேன். வீட்டுக்கு வந்ததும் வலப்பக்கத்தின் 18 கம்பிகளையும் மாற்றிவிட்டேன். இரண்டு உடைந்துவிட்டால் மிச்சமுள்ளவையும் அதே 27 லட்சம் சுற்றைப் பார்த்தவைதானே, ஒவ்வொன்றுக்காகவும் ஒரு மதகில் நிற்க எனக்கு விருப்பமில்லை. புதியவை நடுவில் 1.8 மில்லிமீட்டராக மெலிந்தவை. மெலிந்த நடுப்பகுதி கொஞ்சம் கூடுதலாக நீண்டுகொடுக்கும், முழங்கைக்குப் போகும் அடி குறையும். இந்த முறை கம்பியின் இழுவிசையை அளக்கும் ஒரு டென்ஷன் மீட்டரை இரவல் வாங்கி, வலப்பக்கத்தை 110 கிலோவுக்குக் கொண்டுவந்தேன். 300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்ப மீட்டிப் பார்த்ததில் இடப்பக்கம் இரண்டு கம்பிக்கு மட்டும் கால் சுற்றுத் தேவைப்பட்டது. மங்கிய பிறை தெரியும் அந்த உடைந்த முனையைச் சாவிகள் வைக்கும் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.